தவறான விடைகளின் வரலாறு

வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டு எது?

ஏ) 1799
பி) 1801
சி) 1806
டி) 1857

தமிழ்நாட்டில் குரூப் 4 தேர்வுக்குப் படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் ‘சி’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அவ்வளவு சுலபமான கேள்வி. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது, எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது, ‘ஒரு வரி வினா விடை’ தொகுப்புகளிலும் இருக்கிறது.

மற்ற மூன்று ஆண்டுகளை நாம் பார்ப்பதே இல்லை. கேள்வித்தாள் தயாரிக்கிறவர் ஏமாற்றுவதற்காகப் போட்டது, கடந்து போய்விடுவோம். போகத்தான் வேண்டும். 200 கேள்வி, மூன்று மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்கும் நேரமும் அதற்குள்தான். 2024 ஜூன் 9ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். அந்த நெரிசலில் நின்றுகொண்டு 1799-இல் என்ன நடந்தது என்று யோசிக்க யாருக்கு முடியும்?

தேர்வு முடிந்த பிறகாவது யோசிக்கலாம். நல்ல கேள்வித்தாளில் தவறான விடைகள் சும்மா வருவதில்லை. அவை சரியான விடையின் பங்காளிகள். இந்த நான்கு ஆண்டுகளையும் வரிசையாகப் படித்தால் ஒரு கதை கிடைக்கிறது. நம்மை அந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்து, கையில் கருப்பு மை பேனாவைக் கொடுத்த கதையும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

இந்தக் கதையை ஒடுகத்தூரில் இருந்து பார்ப்பது நல்லது. வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி. பக்கத்தில் உத்திரகாவேரி. மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கி, பாலாற்றை நோக்கிப் போகும் ஆறு. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். மாதனூர் வழியாகப் போனால் ஆம்பூர், அதைத் தாண்டினால் வாணியம்பாடி. தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த பட்டை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தொழிற்சாலை. நடுவில் இருக்கிற பிள்ளைகளுக்கு ‘கவர்ன்மென்ட் வேலை’ என்பது மலையேறாமலும் ஷிப்ட் போகாமலும் வாழ ஒரு வழி. அதனால் இந்தக் கேள்வி இங்கே விளையாட்டில்லை. ஒன்றரை மதிப்பெண்.

ஏ) 1799

மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம். திப்பு சுல்தான் போரில் இறந்தார். அவருடைய மகன்களையும் குடும்பத்தையும் ஆங்கிலக் கும்பனி வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தது. அரண்மனை, ஓய்வூதியம், வேலைக்காரர்கள் எல்லாம் உண்டு. வெளியே போகத்தான் முடியாது. மரியாதையான சிறை என்று சொல்லலாம்.

அதாவது, ஏழு ஆண்டுகள் கழித்து வேலூரில் கிளம்பியவர்கள், யார் பெயரைச் சொல்லிக் கிளம்பினார்களோ அவர்கள் வேலூருக்கு வந்ததே 1799-ஆல்தான். இந்த விடை தவறு என்றால், ஏழு வருஷம் முந்திச் சொன்ன தவறு.

பி) 1801

இந்த ஆண்டில் இரண்டு விஷயம் நடந்தது. தெற்கே மருது சகோதரர்களை அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். (சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூர். நம்ம பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. இதிலேயே பல பேர் மதிப்பெண் விடுவார்கள்.) பாளையக்காரர்களின் படைகள் கலைக்கப்பட்டன. வாளும் ஈட்டியும் தவிர வேறு பிழைப்புத் தெரியாத பலர், வேறு வழியில்லாமல் தோற்கடித்தவனின் படையிலேயே சிப்பாயாகச் சேர்ந்தார்கள்.

இரண்டாவது, ஜூலை 31ஆம் தேதி ஆற்காட்டு நவாபுடன் கும்பனி ஓர் ஒப்பந்தம் போட்டது. கர்நாடகப் பகுதியின் ஆட்சி முழுவதும் கும்பனி கைக்குப் போனது. ஆற்காடும் வேலூரும் அதைச் சுற்றிய கிராமங்களும் இப்படித்தான் வெள்ளைக்காரக் கலெக்டரின் கீழ் வந்தன. வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கம் இருந்த பாராமகால் பகுதி அதற்கு முன்பே, 1792-இல் திப்புவிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. அந்தத் திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்து, பிறகுதான் வட ஆற்காட்டுடன் சேர்ந்தது. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது மறுபடி தனியாகப் போய்விட்டது. “ஆம்பூர் எந்த மாவட்டம்?” என்ற கேள்விக்கு 2018-இல் ‘வேலூர்’ என்று போட்டவனுக்கு மதிப்பெண், 2020-இல் அதையே போட்டவனுக்கு இல்லை. பொது அறிவு என்பது கல்வெட்டு மாதிரி தெரியும். உண்மையில் அது அரசாணை மாதிரி, திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும்.

சி) 1806

ஜூலை 10, விடியற்காலை இரண்டு மணி வாக்கில் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. கோட்டைக்குள் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,500 பேர், ஐரோப்பியர்கள் 400-க்கும் குறைவு. முந்தின நாள்தான் திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டையில் கல்யாணம்.

காரணம் என்ன என்று கேட்டால் வழிகாட்டி நூல் ‘புதிய தலைப்பாகை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அந்தத் தலைப்பாகையில் என்ன இருந்தது? தோல். விலங்குத் தோலால் செய்த குஞ்சம் ஒன்றை அதில் வைத்திருந்தார்கள். கூடவே, நெற்றியில் மதக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும். சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் ஒப்புதலோடு வந்த உத்தரவுகள் இவை. தலைப்பாகையை மாட்ட மறுத்தவர்கள் மே மாதமே தண்டிக்கப்பட்டார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி. இரண்டு பேரையும் சமமாக நடத்திய உத்தரவு இது ஒன்றுதான் போலிருக்கிறது.

கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். மைசூர்க் கொடி ஏறியது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பினார். சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார், பின்னாலேயே பீரங்கி வந்தது. கதவு உடைந்தது. காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஐரோப்பியர் தரப்பில் 14 அதிகாரிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களும் இறந்தார்கள். சிப்பாய்கள் தரப்பில்? 350 என்று ஒரு கணக்கு இருக்கிறது. 800-க்கு மேல் என்று இன்னொரு கணக்கு. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு பேரை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டதை அங்கே இருந்த ஜான் பிளாகிஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். பிடிபட்டவர்களில் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களைக் கலைத்தார்கள். தலைப்பாகை உத்தரவையும் திரும்பப் பெற்றார்கள். அந்த ஒன்றைத்தான் சிப்பாய்கள் முதலில் கேட்டிருந்தார்கள்.

கிரடாக்கை லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. கூடவே சென்னை கவர்னரையும் பதவியிலிருந்து நீக்கி அழைத்துக்கொண்டது. அந்த கவர்னரின் பெயரைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வேறொரு பாடத்தில் வேறொரு காரணத்துக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள்: வில்லியம் பென்டிங்க்.

பென்டிங்க் திரும்பி வருகிறார்

சதி ஒழிப்பு, 1829. ஆங்கிலக் கல்வி, 1835. இந்தப் பென்டிங்கும் வேலூர்ப் பென்டிங்கும் ஒரே ஆள்தான். இரண்டும் வேறு வேறு பாடத்தில் வருவதால் பலருக்கு இது உறைப்பதில்லை. வேலூரில் பதவி போன மனிதர், 20 ஆண்டுகள் கழித்து 1828-இல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்தார். அவர் காலத்தில்தான் 1833 பட்டயச் சட்டம் வந்தது. அதன் 87ஆம் பிரிவு, மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் காரணமாக எந்த இந்தியருக்கும் கும்பனி வேலை மறுக்கப்படக் கூடாது என்றது. காகிதத்தில் நல்ல வாசகம். வேலை யாருக்கும் கிடைக்கவில்லை. லண்டனில் கும்பனி இயக்குநர்கள் தங்கள் அண்ணன் பையனையும் தங்கை பையனையும் நியமித்துக்கொண்டிருந்தார்கள்.

பென்டிங்கோடு 1835-இல் ஆங்கிலக் கல்விக்கு வாதாடிய மெக்காலேதான் இந்த வழக்கத்தை முடித்துவைத்த குழுவின் தலைவர். 1853 சட்டம் சிவில் சர்வீஸைப் போட்டித் தேர்வுக்குத் திறந்தது. 1854-இல் மெக்காலே குழு தேர்வின் வடிவத்தை எழுதியது. 1855-இல் லண்டனில் முதல் தேர்வு. இன்று நாம் ‘காம்பெட்டிட்டிவ் எக்ஸாம்’ என்று சொல்வதன் தாத்தா அதுதான். கொள்ளுத்தாத்தா சீனாவில் இருந்தார். சீனப் பேரரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் அதிகாரிகளைத் தேர்வு வைத்து எடுத்து, 1905-இல் அந்த முறையை நிறுத்தியது.

மெக்காலே குழு மதிப்பெண்களை எப்படிப் பிரித்தது என்று பாருங்கள். கிரேக்கம் 750, லத்தீன் 750. சமஸ்கிருதம் 375, அரபி 375. தமிழுக்கு ஒன்றும் கிடையாது. தஞ்சாவூரில் வரி வசூலிக்கப் போகிறவன் ஹோமரைப் படித்திருந்தால், அந்த ஊர்க்காரன் படித்த சமஸ்கிருதத்தைவிட இரண்டு மடங்கு லாபம். எது ‘பொதுவான’ அறிவு என்று முடிவு செய்கிறவனே பாதித் தேர்வை முடித்துவிடுகிறான். இன்று தமிழ்நாட்டில் குரூப் 4 எழுத, தமிழில் 100 கேள்விக்குக் குறைந்தது 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற பகுதியையே திருத்துவார்கள். இந்த விதி வந்து சில ஆண்டுகள்தான் ஆகிறது. 1854-க்கும் இதற்கும் நடுவில் நீண்ட சண்டை ஒன்று நடந்திருக்கிறது.

டி) 1857

வடக்கே பெருங்கிளர்ச்சி. ‘முதல் சுதந்திரப் போர்’ எது என்ற விவாதத்தில் 1857-க்கு சாவர்க்கர் 1909-இல் புத்தகம் எழுதினார். 1801-க்கு வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் 1971-இல் எழுதினார். வேலூர்க்காரர்களுக்கு 1806. இந்திய அஞ்சல் துறையும் 2006-இல் இருநூறாம் ஆண்டுக்குத் தபால்தலை போட்டது.

அதே 1857-இல் இன்னொன்றும் நடந்தது. செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. டெல்லியில் பீரங்கி வெடித்துக்கொண்டிருந்த மாதத்தில், சென்னையில் பட்டம் கொடுக்கும் சட்டம் நிறைவேறியது. இதற்குப் பிறகு இங்கே வாளெடுத்தவன் பிள்ளை பட்டமெடுத்தான். ஆனால் எல்லார் பிள்ளையும் இல்லை.

லண்டனுக்குக் கப்பலேறித் தேர்வெழுதி, 1863-இல் முதல் இந்தியராகத் தேறியவர் சத்யேந்திரநாத் தாகூர், ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன். 1870-களில் வயது வரம்பை 21-இலிருந்து 19-ஆகக் குறைத்தார்கள். பத்தொன்பது வயதுக்குள் லத்தீன் படித்து, கடல் தாண்டி, தேர்வெழுத எத்தனை குடும்பத்தால் முடியும்? லண்டனோடு சேர்த்து இந்தியாவிலும் அந்தத் தேர்வு நடக்க 1922 ஆனது.

சென்னை மாகாணத்துக்குள் நடந்த தேர்வுகள் வேறு கதை சொல்கின்றன. அலெக்சாண்டர் கார்டியூ என்ற ஆங்கிலேய அதிகாரி, 1913-இல் அரசுப் பணிகள் ஆணையத்தின் முன் ஒரு கணக்கை வைத்தார். 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறியவர்கள் 16 பேர். அதில் பிராமணர்கள் 15 பேர். மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 3 சதவீதம். 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை இதே எண்களைத்தான் எடுத்து வைத்தது. கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்த மேஜை வரைக்கும் வரும் பாதை ஒன்றில்லை.

அதன் பிறகு நடந்தவை எல்லாமே இன்றைய பாடத்திட்டத்தில் ஒரு வரிக் கேள்விகள். 1921, முதல் வகுப்புவாரி அரசாணை. 1928, முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது; 12 இடங்களில் 5 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, 2 பிராமணர்களுக்கு, 2 முஸ்லிம்களுக்கு, 2 ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு, 1 ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு. 1929, சென்னை சர்வீஸ் கமிஷன். இந்தியாவிலேயே ஒரு மாகாணம் அமைத்த முதல் தேர்வாணையம். 1951, சென்னை அரசுக்கு எதிரான செண்பகம் துரைராஜன் வழக்கில் அரசாணை செல்லாது என்று தீர்ப்பு. அதே நாளில் வெங்கடரமணா வழக்கிலும் தீர்ப்பு வந்தது. அது கல்லூரி இடம் பற்றியதில்லை, தேர்வாணையம் நிரப்பிய மாவட்ட முன்சீப் பதவிகள் பற்றியது. இந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகு தமிழ்நாட்டில் எழுந்த போராட்டம்தான் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்குக் காரணமானது.

ஒடுகத்தூரிலிருந்து அணைக்கட்டு மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி விண்ணப்பத்தில் ‘பழங்குடியினர்’ என்ற கட்டத்தை டிக் செய்கிறாள். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவரின் மகன் ‘ஆதிதிராவிடர்’ என்றோ ‘பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்’ என்றோ டிக் செய்கிறான். அந்தக் கட்டம் விண்ணப்பத்தில் வந்து சேர நூறு வருஷம் ஆனது. அதே வரலாற்றைத்தான் அவர்கள் ‘முக்கிய ஆண்டுகள்’ என்ற தலைப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். தங்களைப் பற்றித்தான் படிக்கிறோம் என்று வழிகாட்டி நூல் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இன்னொரு கேள்வி

அரசியலமைப்புப் பகுதியில் அடிக்கடி வரும்: ‘மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாடு எந்த வழக்கோடு தொடர்புடையது? விடை: வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், 1996.

டெல்லியில் படிக்கிற பையனுக்கு அது ஒரு வழக்கின் பெயர். இங்கே அது கிணற்றுத் தண்ணீர். 1991-இல் போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டின் தோல் பட்டையில் 900-க்கும் அதிகமான தொழிற்சாலைகள் இருப்பதையும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதையும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. ஒரு கிலோ தோல் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்றும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி, அதே தோல் கழிவைப் பற்றி, மறுபடி ஒரு தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

வழக்கின் பெயர் தெரிந்தவனுக்கு மதிப்பெண் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடித்தவனுக்குத் தனியாக மதிப்பெண் கிடையாது. அதே தொழிற்சாலைச் சம்பளத்தில்தான் அவன் வழிகாட்டி நூல் வாங்கினான் என்பதால், கோபப்படவும் முழுசாக முடியாது. ஆறு கெட்டது உண்மை, அடுப்பு எரிந்ததும் உண்மை. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று இதைக் கேட்க முடியாது.

ஐந்தாவது வட்டம்

ஒரு வரி வினா விடையைக் கேலி செய்வது எளிது. ‘மனப்பாடம்’, ‘மக்கப்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தத் தேர்வு தேவைப்படாத வீட்டிலிருந்து வருகிறவர்கள். கல்லூரி நூலகம் எட்டாத இடத்திலும் ஒரு வரலாற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த மலிவுத்தாள் புத்தகம்தான். சித்தி பொண்ணு படித்த புத்தகத்தை வாங்கி, அவள் கோடு போட்ட இடத்தின் மேலேயே கோடு போட்டுப் படிக்கிறார்கள். நேர்முகத் தேர்வு இல்லாத, ஆள் தெரியவேண்டிய அவசியமில்லாத ஒரு தேர்வு வேண்டுமென்றால், இயந்திரம் திருத்தக்கூடிய கேள்விதான் வேண்டும். இயந்திரத்துக்கு ‘அண்ணன் பையன்’ யாரென்று தெரியாது. கும்பனி இயக்குநர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதனால் 1806-ஐ மனப்பாடம் செய்யுங்கள். வட்டத்தை நிரப்புங்கள். வேலை வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலராகவோ இளநிலை உதவியாளராகவோ போய் உட்கார்ந்த பிறகு, யாரோ ஒரு மேலதிகாரி ஊர்க்காரர்களைக் கேட்காமலே ஓர் உத்தரவு போடுவார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று, இது எங்களுக்கு ஒத்துவராது சார் என்று சொல்வார். ‘மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ண முடியும்’ என்று வாய் வரைக்கும் வரும். 1806 அந்த இடத்தில் உதவும். தலைப்பாகை வேண்டாம் என்று மே மாதம் சொன்னவர்களை யாராவது உட்காரவைத்துக் கேட்டிருந்தால் ஜூலை வந்திருக்காது.

தேர்வாணையத்தின் விடைத்தாளில் இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். ஐந்தாவது ‘விடை தெரியவில்லை’. காலியாக விட்ட வட்டத்தை வேறு யாரும் பிறகு நிரப்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. முறைகேட்டுக்குப் பயந்து கொண்டுவந்தது. வரலாற்றுக்கும் அந்த வட்டம் தேவைப்படுகிறது. வேலூர்ப் புரட்சியின் ஆண்டு தெரியும், தேதி தெரியும், விடியற்காலை எத்தனை மணி என்பதும் தெரியும். செத்துப்போன சிப்பாய்கள் எத்தனை பேர் என்று கேட்டால், 350-க்கும் 800-க்கும் நடுவில் நானூற்றைம்பது மனிதர்கள் எந்தக் கணக்கிலும் நிற்காமல் நிற்கிறார்கள். அவர்களுக்கு நிரப்ப வேண்டிய வட்டம் ஐந்தாவதுதான்.